செருப்பைக் கழற்றச் சொன்ன பலகை

இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்கும் உத்தேசம் எனக்கில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோபமாக இருக்கிறேன். மகளின் கால் காயம் ஆறிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மதுராவை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்து என் மானத்தை வாங்குகிறவள். எட்டு வயது. மூன்றாம் ஆண்டு. தமிழ் மீடியம். அதை ஏன் தனியாகச் சொல்கிறேன்? அவளைத் தமிழ் மீடியத்தில் சேர்த்ததற்காகச் சொந்தக்காரர்களிடம் நான் வாங்கிய பேச்சு கொஞ்ச நஞ்சமில்லை. "கண்டியில இருந்துகிட்டு இந்தக் காலத்துல போயி தமிழா?" என்று என்னைக் கேட்காத கலியாண வீடு கிடையாது.

அவர்களுக்கெல்லாம் என் பதில் மதுராவின் வாய்தான். இரண்டாம் ஆண்டிலேயே சரளமாக வாசிக்கத் தொடங்கிவிட்டாள். கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினால் கண்டியில் இறங்கும்வரை ரன்னிங் கொமென்டரி. பாமசி, டயர் கடை, டியூஷன் போஸ்டர், 'இங்கு குப்பை கொட்டாதீர்' — ஒன்றையும் விடமாட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். ஏன் மறைக்க வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூட விடுமுறை விட்ட நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு. தண்ணீர்ச் சறுக்கு உள்ள பார்க் ஒன்றுக்குப் போக வேண்டும். வகுப்பில் எல்லாரும் போயாச்சாம், இவள் மட்டும் போகவில்லையாம். என் வீட்டுக்காரருக்குப் பல்லேகலயில் ஃபாக்டரி வேலை. ஒரு சனிக்கிழமை லீவு எடுத்தார். மூன்று பேரும் கிளம்பினோம். பார்க்கின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் என்று நினைத்துக்கொள்ளும் ஆட்கள் அவர்கள்.

உள்ளே போனதும் ஒரு சின்ன ராட்டினம், ஒரு ஐஸ்கிரீம், இரண்டு போட்டோ. பிறகு சறுக்கைப் பார்த்து ஓட்டம். உடுப்பு மாற்றும் அறையிலிருந்து சறுக்குக்குப் போக ஒரு நடைபாதை. அதன் தொடக்கத்தில் பெரிய பலகை. மதுரா நின்றாள். வாசிக்காமல் போவாளா?

"பாதணியுடன் உட்செல்லத் தடை!" கணீரென்று வாசித்தாள். "அம்மா, செருப்பைக் கழட்டணுமாம்."

கழற்றினாள். நானும் கழற்றினேன். பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு இரும்பு ராக்கை. அதில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து சோடிச் செருப்புகள். எங்களுடையதையும் அழகாக அடுக்கி வைத்தோம். நமக்கு இது பழகிப்போன விஷயம் அல்லவா? கோயிலில் கழற்றுகிறோம், வீட்டு வாசலில் கழற்றுகிறோம், டொக்டரின் அறைக்கு வெளியே கழற்றுகிறோம். 'பாதணி' என்ற சொல்லைக் கண்டாலே கால் தானாகச் செருப்பை விட்டு வெளியே வந்துவிடும்.

இருபது அடி போயிருக்க மாட்டோம். நடைபாதையின் குறுக்கே கழிவுநீர் ஓடும் கான் ஒன்று. மேலே இரும்புக் கம்பி மூடி. அதன் ஓரம் உடைந்து, துருப்பிடித்து, மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை அதில் காலை வைத்தாள்.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

உள்ளங்கால் குறுக்காகக் கிழிந்துவிட்டது. ஈரத் தரையில் இரத்தம் ஓடியது. பைகளோடு பின்னால் வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார்.

முதலுதவி அறையில் இருந்த பெண் நல்ல பிள்ளை. பதறாமல் கழுவி, துணி வைத்து இறுக்கிக் கட்டினாள். "தையல் போட வேண்டிவரும், மிஸ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டேன், பத்து நிமிடத்தில் வந்துவிடும்" என்று சிங்களத்தில் சொன்னாள். அவள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே வந்தவர்மீதுதான். டை கட்டிய மனேஜர். கையில் ஒரு ஃபோம். காலைப் பார்த்து "அனே, பாவம்!" என்று ஒருமுறை சொன்னார். அடுத்த நொடி ஃபோமை நீட்டினார். முழுக்கச் சிங்களம். "சும்மா ஒரு சம்பிரதாயம்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."

என் வீட்டுக்காரர் பேனையைத் திறந்துவிட்டார்! நம் ஆட்களுக்கே உள்ள நோய் இது. சிங்களத்தில் ஒரு கடதாசியை நீட்டினால் முதலில் கையெழுத்து, பிறகுதான் கேள்வி. ஆபீஸ், பொலிஸ், பாங்க் — எத்தனை இடத்தில் போட்டிருக்கிறோம்! பிடுங்கி வாசித்தேன். 'அறிவித்தல் பலகையில் உள்ள அறிவுறுத்தலை மீறிச் சென்றதால் ஏற்பட்ட காயம். நிறுவனம் பொறுப்பல்ல.'

"எந்த அறிவுறுத்தலை மீறினோம்?" என்று கேட்டேன்.

"பலகையில் தெளிவாகப் போட்டிருக்கிறோமே, மிஸ். பாதணி இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று. பிள்ளை வெறுங்காலோடு போயிருக்கிறது. நீங்களும்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். மதுராவுக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா... நான் பிழையா வாசிச்சேனா?"

இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். பார்க்கை, மனேஜரை, அந்தக் கம்பியைக்கூட மன்னித்துவிடலாம். கால் கிழிந்து கிடக்கிற பிள்ளை, வலியை மறந்துவிட்டுத் தன் வாசிப்பைச் சந்தேகப்பட்டாளே — அந்த ஒரு கேள்வியைக் கேட்க வைத்ததை மன்னிக்கவே மாட்டேன்.

பிள்ளையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, மனேஜரை இழுக்காத குறையாக அந்தப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். முதல்முறையாக மூன்று வரியையும் வாசித்தேன். மேலே சிங்களம்: பாதணி இல்லாமல் உட்செல்லத் தடை. கீழே ஆங்கிலம்: அதேதான். நடுவில் நம் தமிழ்: 'பாதணியுடன் உட்செல்லத் தடை.' 'இன்றி' இருக்க வேண்டிய இடத்தில் 'உடன்'. ஒரே ஒரு சொல். எங்கோ ஒரு கோயில் வாசலிலோ விகாரை வாசலிலோ இருந்த பலகையைப் பார்த்து யாரோ அப்படியே இறக்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என்னையும் திட்டிக்கொள்கிறேன். எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரியும். கண்ணை ஒரு சாண் மேலே தூக்கியிருந்தால் போதும். தூக்கவில்லை. தமிழ் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அதையே நம்பிவிட்டேன்.

"இந்தத் தமிழ் வரி செருப்பைக் கழற்றச் சொல்கிறது" என்றேன்.

மனேஜர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

அப்படியா! பக்கத்தில் இருந்த ராக்கையைக் காட்டினேன். "அப்போது இது எதற்கு?"

அவர் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன். "அதுவா? தமிழ் ஆட்கள் வந்தால் இங்கே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். வழியில் கிடந்து இடைஞ்சல். அதனால் நாங்களே ஒரு ராக்கை செய்து வைத்தோம்."

"ஏன் கழற்றுகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?"

"உங்கள் பழக்கமாக்கும் என்று நினைத்தோம், மிஸ்."

பழக்கமாம்! தண்ணீர்ச் சறுக்கை நாங்கள் என்ன, கும்பிடவா போகிறோம்? குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்தால், பிழை பலகையில் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ராக்கை செய்யத் தோன்றியிருக்கிறது. வெல்டிங் பண்ணி, பெயின்ட் அடித்து, கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தக் கம்பி மூடியை வெல்டிங் பண்ணியிருக்கக் கூடாதா?

அப்போது தும்புத்தடியோடு ஒரு பெண் வந்து சற்றுத் தள்ளி நின்றார். அங்கே துப்புரவு வேலை செய்கிறவர். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர், வேலைக்காக இங்கே ஒரு போர்டிங்கில் தங்கியிருக்கிறார். மனேஜர் போனில் பேசத் திரும்பியதும் மெதுவாகக் கிட்ட வந்தார்.

"அக்கா, போர்டு பிழைன்னு நான் ரெண்டு தடவ சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். ஒனக்கு எதுக்கு அது, கூட்டுற வேலையப் பாருன்னுட்டாங்க."

"தினமும் இப்படித்தான் நடக்குதா?"

"நான் இங்கன நின்னா நம்ம ஆளுங்கள நிப்பாட்டிச் சொல்லிருவேன். செருப்பப் போட்டுக்கிட்டே போங்கன்னு. இன்னிக்கு என்னைய பாத்ரூம் பக்கம் போட்டுட்டாங்க." அவர் கண் கலங்கியது. "பாப்பாவுக்கு ரொம்ப வெட்டா, அக்கா? நான் மட்டும் இங்கன நின்னிருந்தா..."

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அத்தனை பெரிய பார்க்கில் அந்தப் பலகையைத் திருத்திக்கொண்டிருந்தது இவருடைய வாய் மட்டும்தான். அதற்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை. இன்றைக்கு வேலை இடம் மாறியதற்கு இவர் எனக்கு முன்னால் நின்று வருத்தப்படுகிறார். வருத்தப்பட வேண்டியவரோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஓட்டோ வந்துவிட்டது. மனேஜர் விடவில்லை, மறுபடி ஃபோமோடு வந்தார். வாங்கினேன். கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சிங்கள வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. கீழே நல்ல தமிழில் எழுதினேன்: 'உங்கள் பலகையின் தமிழை என் மகள் சரியாக வாசித்ததால் ஏற்பட்ட காயம்.'

"ஐயோ மிஸ், தமிழில் எழுதினால் இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாதே!"

"அது தெரியும்" என்றேன். "அதுதான் பலகையிலேயே போட்டிருக்கிறீர்களே."

அது அவருக்கு விளங்கியதா என்று தெரியாது. எனக்கும் அதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு தையல், துருவுக்காக ஒரு ஏற்பு ஊசி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "நீ வாசிச்சது சரி, தங்கம். எழுதினவங்கதான் பிழை." அவள் தலையாட்டினாள். வழியில் எத்தனையோ பலகைகள். ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தெல்தோட்டைக்காரப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். கிளம்பும்போது என் நம்பரைக் கொடுத்திருந்தேன். பலகையைத் 'திருத்திவிட்டார்களாம்'. பார்த்தேன். மேலே சிங்களம் அப்படியே. கீழே ஆங்கிலம் அப்படியே. நடுவில் வெள்ளைப் பெயின்ட். ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், வரியையே காணாமல் ஆக்கிவிட்டார்கள்! ராக்கை மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இதை என்னவென்று சொல்வது? தமிழில் எழுதாவிட்டால் தமிழில் பிழை வராது. எவ்வளவு சுலபமான வழி! இனி அங்கே வரும் தமிழ்ப் பிள்ளைக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை மட்டும்தான். கான் மூடியைப் பற்றிக் கேட்டேன். "அது அப்படியேதான் இருக்கு, அக்கா" என்று பதில் வந்தது. நான் கடிதம் எழுதியிருக்கிறேன். பார்க்குக்கு ஒன்று, மொழி விவகாரம் பார்க்கிற அலுவலகத்துக்கு ஒன்று. பதில் வராவிட்டால் இன்னொன்று எழுதுவேன். என் வீட்டுக்காரர் "விடு, பிள்ளைக்குச் சுகமாயிருச்சுதானே" என்கிறார். விட மாட்டேன். ஏன் என்றால், சுகமாகவில்லை.

தையல் பிரிக்கக் கூட்டிப்போன நாளில்தான் அது எனக்குத் தெரிந்தது. கண்டியில் ஒரு சின்னக் கிளினிக். கண்ணாடிக் கதவில் இரண்டு மொழியில் எழுதி ஒட்டியிருந்தது. மதுரா நொண்டி நொண்டிப் போய் அதன் முன்னால் நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. 'பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.' அருமையான தமிழ். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

அவள் கழற்றவில்லை. நல்ல காலில் இருந்த ஒற்றைச் செருப்பைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா? வாசிச்சியே?"

"வாசிச்சேன்." மெல்லிய குரலில் கேட்டாள். "சிங்களத்துல என்ன போட்டிருக்கு?"

வாசித்துச் சொன்னேன். ரெண்டும் ஒன்றுதானா என்று கேட்டாள். ஒன்றுதான் என்றேன். அதற்குப் பிறகுதான் கழற்றினாள்.

எட்டு வயதில் என் மகள் தமிழுக்குச் சாட்சி கேட்கிறாள்.