படத்துக்குக் கீழே ஒரு பேர்

கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்ட நாளில் கேட்ட ஓசை இன்னும் காதில் இருக்கிறது. படத்தைக் கவிழ்த்து, அதன் முதுகில் கடைப் பேர் கொண்ட ரப்பர் முத்திரையை ஸ்டுடியோக்காரர் 'பொத்'தென்று குத்தினார். எடுத்தவர் பேர் படத்தோடு போக வேண்டும், அவ்வளவுதான். இந்த அறுபத்தெட்டு வயதில் என் தொழிலும் அதுவே. ஏற்காட்டில் ஒரு விடுதியின் வெப்சைட்டுக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களைத் தேடி எடுத்து, அடியில் எடுத்தவர் பேரை எழுதுகிறேன். "எல்லாரும் இருக்கிற மாதிரி படம் வேணுங்கம்மா" என்பது முதலாளியின் உத்தரவு. இப்படி ஓர் உத்தரவால் கண் பூத்துப்போன சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யார் அந்த எல்லாரும்?

'எல்லாரும்' என்று தேடினால் எப்போதும் ஒரே படம்தான் வரும். ஒரு வெள்ளைக்காரர், ஒரு கறுப்பினப் பெண், முக்காடு போட்ட ஒருத்தி, சக்கர நாற்காலியில் ஒருவர், நரைத்த தலை ஒன்று. ஐந்து பேரும் ஒரு லேப்டாப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதையே முதல் பக்கத்தில் வைத்தேன். விடுதியின் துணி அறையில் போர்வை மடிக்கும் சரசு எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கிராமமான தலைச்சோலைக்காரி. சிறு வயதில் போலியோ வந்த கால், கக்கத்தில் ஊன்றுகோல். படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாரும் இருக்காங்க, செரிங்கம்மா. இந்த ரூமை ஆருங்க கூட்டறது?"

நான் நட்ட தேயிலை

மலைப் பெண்களைப் பற்றிய பக்கத்துக்கு, முதுகில் கூடையோடு சிரிக்கும் பெண் ஒருத்தி கிடைத்தாள். எடுத்தவர் பேரைப் பிழையில்லாமல் எழுதினேன். 'சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில்' என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். நாற்பது வருடமாகக் காப்பிச் செடிகளுக்கு நடுவே குடியிருப்பவள் நான். அந்தச் சிரிப்பைப் பார்த்தேனே தவிர, செடியைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் பெருமையாகத் திரிந்தேன். நான்காம் நாள், விடுதிக்குக் காப்பிக்கொட்டை கொண்டுவரும் விவசாயியிடம் காட்டினேன். அவர் செல்போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நொம்ப நல்லாருக்குங்க. ஏனுங்க, நம்ம மலையில தேயில எப்பங்க நட்டாங்க?"

பத்தொன்பது படிகள்

அடுத்து முதலாளிக்குச் சக்கர நாற்காலிப் படம் வேண்டியிருந்தது. பளிங்குத் தரையில் ஒருவர் உல்லாசமாக உருண்டு போகும் படம் ஒன்றைப் போட்டோம். எங்கள் விடுதி வாசலில் பத்தொன்பது படிகள் உண்டு. அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அடியில் எடுத்தவர் பேரை எழுதினேன்.

படத்தை நம்பி ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். "பசங்க தூக்கிருவாங்க சார்" என்றார் முதலாளி. பெரியவர் செல்போனைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். காரைத் திருப்பச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "படத்துல இருக்கறவரு எந்த வழியாங்க மேல போனாரு?"

சரசுவின் நிபந்தனை

படி மாறவில்லை, படம்தான் மாறியது. "நம்மூர் ஆளாவே போட்ருவோம். சரசு இருக்குதுல்ல?" என்றார் முதலாளி. சரசு மறுத்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் யாரோ ஒரு சுற்றுலாக்காரர் முன்பு அவளைப் படம் எடுத்துப் போயிருக்கிறார். கொஞ்ச நாளில் அந்த முகம், பேர் இல்லாமல், ஏதோ நன்கொடை நோட்டீசில் வந்துவிட்டது. 'உங்க ஊட்டுல அவ்வளவு கஷ்டமா?' என்று ஊரே விசாரித்ததாம். சொந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறவளுக்கு அது ஆறாத புண்.

நான் கெஞ்சினேன். கடைசியில் ஒப்புக்கொண்டாள். வெள்ளை விரிப்பை உதறி மடிக்கிறாள், தோளில் சாய்ந்து நிற்கிறது ஊன்றுகோல். நானே எடுத்தேன். தேடித் தேடிச் சலித்த எனக்கு, முதன்முதலாக ஒரு படம் பிடித்திருந்தது. சரசு கேட்டது ஒன்றே ஒன்று. "பேரு போடோணுங்கம்மா. பேரில்லாட்டி ஆரோ ஒரு நொண்டி. பேரு போட்டா நான் சரசு."

டிசைனில் இடமில்லை

பேர் போட்டேன். மறுநாள் அது இல்லை. "டிசைன்ல இடமில்லீங்கம்மா" என்றார் முதலாளி. பக்கத்திலேயே கூடைக்குள் தூங்கும் ஒரு நாய்க்குட்டியின் படம். அதை எடுத்த வெளிநாட்டுக்காரர் பேர் இருந்தது, நாயின் பேரும் இருந்தது. சரசுவின் படத்துக்குக் கீழே 'படம்' என்று போட்டு என் பேர் மட்டும் நின்றது. என் பேரைக் கண்டு நான் கூசியது அன்றுதான்.

பேரைப் போடுங்கள், இல்லையென்றால் படத்தை எடுங்கள் என்றேன். படத்தை எடுத்தார். அந்த இடத்தில், கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்த ஒரு பெண் வந்து நின்றாள். ஊன்றுகோல் உண்டு, அது தரையைத் தொடவில்லை. முதலாளிக்குப் பரம திருப்தி. "நொம்ப நல்ல புள்ளைங்கம்மா இது. பேரெல்லாம் கேக்காது."

எல்லாருக்கும் இடம் தரும் எங்கள் வெப்சைட்டில் இன்று, உலகத்தில் எங்குமே இல்லாத ஒருத்தி விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள். சரசு அந்த வாரமே வேலையை விட்டாள். இப்போது ஏற்காட்டிலேயே ஒண்டிக்கடை முக்கில் பழக்கடை வைத்திருக்கிறாள்.