நான்கு பல்லும் வழிச்செலவுப் பத்து வெள்ளியும்

ஐம்பத்திரண்டு வயதில் உனக்குப் பல் எதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் மொத்தம் ஏழு பேர். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். ஏழு பேருக்கும் வாய் நிறையப் பல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் போனது மேல்வரிசை முன்பற்கள் நான்கு. மழை விட்ட ஒரு காலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் லைன் வீட்டுப் படியில் பாசி வழுக்கியது. கையிலிருந்த துணி வாளியைக் காப்பாற்றப் போய் முகத்தைக் கொடுத்தேன். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பல் அங்கேயே உடைந்தன, ஆடிக்கொண்டிருந்த மற்ற இரண்டைத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கழற்றி மாட்டும் செட் ஒன்று செய்து கொடுத்தார்கள். செட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் என் ஈறுதான் சுருங்கிவிட்டது.

நான் வேலை பார்ப்பது தோட்டத்துத் தேநீர்க் கடையில். சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பதினோரு வருடம் கவுண்டரில் நின்றவள் நான். ஐந்து பாஷையில் நன்றி சொல்வேன், சீன மொழியில் சில்லறை எண்ணுவேன். ஒருநாள் ஒரு குடும்பத்துக்கு ஸ்ட்ராபெரி கேக்கை எடுத்து வைத்து, “குட் மார்னிங்” என்று வாய் திறந்தேன். செட் கழன்று கேக்கின் மேல் விழுந்தது. அந்தக் குடும்பத்துச் சின்னப் பெண் சிரித்தாள், நானும் சிரித்திருப்பேன். ஆனால் மேனேஜர் சிரிக்கவில்லை.

மேனேஜர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர், என் மகனைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்குப் பின்னால் இருங்கள் அக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் என்றால் சமையலறைக்கும் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டி. அங்கே ஜன்னல் இருக்கிறது. அதில் தெரிவது குப்பைத் தொட்டி. டிப்ஸ் டப்பாவில் விழும் காசும் கவுண்டரில் நிற்பவர்களுக்கு மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றாள் என்னோடு கழுவுகிறவள். கடிக்கத்தானே பல் இல்லை என்றேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கழற்றாத பல் வேண்டும், கவுண்டர் வேண்டும்.

ஈப்போவில் விசாரித்தேன். தாடையில் இரண்டு திருகாணி பதித்து, அதன்மேல் நான்கு பல்லையும் பிணைத்து வைக்க இருபத்திரண்டாயிரம் வெள்ளி என்றார்கள். எங்கள் பேச்சில் ரிங்கிட்தான் வெள்ளி. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். அதையே திருச்சியில் ஆறாயிரம் வெள்ளிக் கணக்கில் முடிக்கலாம் என்று கம்போங் ராஜாவில் கடை வைத்திருக்கும் ஒருவர் வாயைத் திறந்தே காட்டினார். திருச்சி எங்கள் முன்னோர் ஊர்ப்பக்கம்தான். ஆனால் எனக்கு அது வெளிநாடு. பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், அங்கே போய்த் தங்க இடம் வேண்டும்.

இரண்டு தடவை போக வேண்டும் என்று மருத்துவமனையில் போனிலேயே சொல்லிவிட்டார்கள். முதல் தடவை திருகாணி, அது எலும்போடு சேர நாலு மாதம், அப்புறம் பல். நான் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்கு எழுதினேன். வைத்தியம் ஆறாயிரம். இரண்டு பயணத்துக்கு விமானம் ஆயிரத்து அறுநூறு. தங்க அறுநூறு. ஆக எட்டாயிரத்து இருநூறு. கையில் இருந்தது லயத்துப் பெண்கள் மாதாமாதம் சேர்ந்து கட்டும் கூட்டுச் சீட்டில் என் முறைக்கு விழுந்த எட்டாயிரம். இருநூறு இடித்தது.

அந்த இருநூறும் தானாக வந்தது. எங்கள் லயத்தில் யாராவது இந்தியா போனால், அக்கம்பக்கத்தார் வந்து கையில் பத்து வெள்ளி, இருபது வெள்ளி வைப்பார்கள். வழிச்செலவுக்கு வைத்துக்கொள் என்பார்கள். இருபத்துமூன்று பேர் வைத்தார்கள். முன்னூற்று நாற்பது வெள்ளி. நான் என்ன செய்தேன் தெரியுமா, அதை நோட்டில் வரவு என்று எழுதினேன். மீதி நூற்று நாற்பது என்று கூட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என்னைப்போல முட்டாள் இந்த மலையிலேயே இல்லை.

வழிச்செலவு வாங்கியவள் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? பத்து வெள்ளி வைத்தவளுக்கு ஒரு சேலையாவது வேண்டும். இருபது வைத்தவளுக்குச் சேலையும் கொலுசும். இது எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நானே அப்படிச் சேலை வாங்கிக் கட்டியவள்தான். நோட்டைத் திறந்தபோது மட்டும் மறந்துபோனது.

திருச்சியில் டாக்டரம்மா நல்லவர், விளக்கமாகப் பேசினார். ஸ்கேன் எடுக்க நூற்றைம்பது. எலும்பு மெலிந்திருப்பதால் எலும்புத்தூள் வைக்க வேண்டும், அதற்கு அறுநூறு. இரண்டும் என் நோட்டில் இல்லை. திருகாணி பதித்த மறுநாள் முகம் பன்னாய் வீங்கியது. தையல் பிரிக்கும்வரை நகரக் கூடாது என்றார். நாலு நாள் என்று நான் போட்டது ஒன்பது நாளாயிற்று. லாட்ஜ்காரர் நாளுக்குக் கணக்காய்ச் சேர்த்து வாங்கினார். கஞ்சியும் இளநீரும்தான் சாப்பாடு, அதற்கும் காசுதான்.

அந்த வீங்கின முகத்தோடு, வாயில் தையலோடு, நான் இரண்டு நாள் சேலைக்கடை ஏறி இறங்கினேன். பேச முடியாது. விரலைக் காட்டிக் காட்டி விலை கேட்டேன், தலையை ஆட்டி ஆட்டிக் குறைக்கச் சொன்னேன். கடைப்பையன்கள் நான் ஊமை என்று நினைத்து இரக்கப்பட்டு ஸ்டூல் போட்டார்கள், விலையில் மட்டும் இரக்கம் இல்லை. சேலைக்கும் கொலுசுக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரம். விமான நிலையத்தில் பெட்டி கனம் என்று இருநூற்றெண்பது. முன்னூற்று நாற்பது வரவுக்கு இந்தச் செலவு.

வீடு வந்து நோட்டைத் திறந்தால் மிச்சம் நானூற்றுப் பத்து வெள்ளி. தாடைக்குள் இரண்டு திருகாணி, அதன்மேல் பல் இல்லை. இருபத்துமூன்று பேர் புதுச்சேலை கட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போனார்கள். நான் சாமியைப் பார்க்காமல் சேலைகளைத்தான் எண்ணிக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதுவும் அவர்கள்மேல் இல்லை, என்மேல்.

என் மகன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். இதோடு விட்டுவிடுங்கள், பழைய செட்டையே சரிசெய்து மாட்டிக்கொள்ளலாம் என்றான். டிப்ஸ் காசைக் கூட்டிப் பார்த்தாலும் போட்ட பணம் திரும்ப எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குக் காட்டினான். உன் லோரிக்கு நாலில் ஒரு டயர் தேய்ந்தால் மூன்று டயரிலா ஓட்டுவாய் என்று கேட்டேன்.

புதிய பக்கம் எடுத்து, இந்தத் தடவை யாரையும் நம்பாமல் எழுதினேன். பல் இரண்டாயிரத்து ஐந்நூறு. விமானம் தொள்ளாயிரம், விலை ஏறும் என்று கூட்டியே போட்டேன். ஐந்து நாள் வேலைக்குப் பத்து நாள் தங்க ஐந்நூறு. பஸ்ஸும் மற்ற வண்டியும் நூற்றைம்பது. சாப்பாடு இருநூறு. விசா, போன், எதிர்பாராத ஸ்கேன், மருந்து எல்லாம் முன்னூறு. வேலைக்குப் போகாத பன்னிரண்டு நாள் சம்பளம் எழுநூறு. போன தடவை அதை நான் எழுதவே இல்லை, வராத சம்பளமும் செலவுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியாக ஓர் ஆயிரம். வைத்த பல் சரியில்லை என்றால் இன்னொரு தடவை போய்வர. மொத்தம் ஆறாயிரத்து இருநூற்றைம்பது. அதற்குக் கீழே கோடு போட்டு, ‘வழிச்செலவு வரவு: இல்லை’ என்று எழுதினேன்.

டாக்டரம்மா நாலு மாதம் சொன்னார், எனக்குப் பத்து மாதம் ஆனது. தள்ளிப் போடப் போட பக்கத்துப் பல் சாயும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் எச்சரித்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன். லீவு நாளில் திரிங்காப் பூந்தோட்டத்துக்குப் போய்ச் செவ்வந்திக் கட்டு கட்டினேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று பக்கத்துப் பல்லை விரலால் தொட்டுப் பார்ப்பேன். சாயாதே, இன்னும் மூன்று மாதம், இன்னும் இரண்டு மாதம் என்று அதனிடம் சொல்வேன்.

டிக்கெட் எடுத்த செய்தி லயத்தில் பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தேன், காசை மட்டும் வாங்கவில்லை. பல்லுக்குப் போகிறேன், பெட்டி கொண்டுபோகவில்லை, கைப்பை ஒன்றுதான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஒருத்தி, போன தடவை தனக்கு வந்த சேலை சாயம் போய்விட்டது என்றாள். ஊமை எடுத்த சேலை அப்படித்தான் இருக்கும் என்றேன்.

கடைசியாக என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த லயத்தில் இருப்பவர். வீட்டுக்காரர் இறந்து எட்டு வருடமாகியும் என்னை விட்டுக்கொடுக்காதவர். அதனால்தான் அவரிடம் மறுப்பது கஷ்டம். பத்து வெள்ளியை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

“என் காசு உனக்குக் கசக்குதா புள்ள?”

“காசு கசக்கல அண்ணி. அதுக்குப் பின்னால வர்ற சேலைதான் கசக்குது.”

“நான் சேலை கேட்டனா?”

“போன தடவையும் கேக்கல. நான்தான் வாங்கிட்டு வந்தேன். வாங்காம வந்திருந்தா சும்மா இருந்திருப்பீங்களா, உண்மையச் சொல்லுங்க.”

அவர் உண்மையைச் சொல்லவில்லை. பத்து வெள்ளித் தாளைக் கையில் கசக்கினார். தம்பி இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். அது மட்டும் சுட்டது. ஆனாலும் நான் பின்னால் ஓடவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தால், சாமி படத்துக்குக் கீழே விளக்குத் தட்டில் அந்தப் பத்து வெள்ளி மடித்துக் கிடந்தது. எப்போது வந்து வைத்தார் என்று தெரியாது. அதை எடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் சொருகிக்கொண்டேன்.

திருச்சியில் டாக்டரம்மா பார்த்தார், பக்கத்துப் பல் சாயவில்லை. அளவெடுத்துச் செய்த பல்லை, சரியில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பி, எட்டாம் நாள் நான்கு பல்லும் ஏறின. டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்தார். நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. மீதி இரண்டு நாளும் ஒரு கடைக்கும் போகாமல் லாட்ஜ் மொட்டைமாடியில் உட்கார்ந்து இட்லி தின்றேன். கைப்பை ஒன்றோடு விமானம் ஏறினேன். நோட்டில் எழுதிய அந்தக் கடைசி ஆயிரம் செலவாகவில்லை. மகன் டயருக்குக் கேட்டான், கொடுக்கவில்லை. அது பல்லின் பணம்.

ஊருக்கு வந்ததும் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைத் திறந்து அதே பத்து வெள்ளியைக் கொடுத்தேன். செலவாகவில்லை அண்ணி என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது, டீ குடித்தால் சரியாகிவிடும் என்றார். அப்புறம் தட்டில் முறுக்கு வைத்தார். கடிக்கிறேனா என்று பார்க்கத்தான். முன்பல்லால் கடினமானதைக் கடிக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் உடைத்துக் கடைவாயில் மென்றேன். அவர் அந்தப் பத்து வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தொட்டிப் பக்கம் திரும்பாமல் கவுண்டருக்குள் நுழைந்தேன். மேனேஜர் ஓடி வந்தார். நன்றாக இருக்கிறது அக்கா என்று மனதாரத்தான் சொன்னார். ஆனால் இந்த மாத வேலை அட்டவணை போட்டாகிவிட்டதாம், என் பெயர் பின்னால்தான் இருக்கிறதாம்.

“அடுத்த மாசம் பாக்கலாம்லா அக்கா.”

“பதினாறு மாசமா அந்தக் குப்பைத்தொட்டியப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன் தம்பி. இந்தப் பல்லு நான் காசு குடுத்து வாங்குனது. பின்னால வச்சுப் பூட்டறதுக்கு இல்ல. கொஞ்சம் நவுருங்க, ஆள் நிக்கிறாங்க.”

கவுண்டருக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் காத்திருந்தார்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகர்ந்தார். நான் ஸ்ட்ராபெரி கேக்கை எடுத்துத் தட்டில் வைத்து, வாயை நன்றாகத் திறந்து குட் மார்னிங் சொன்னேன்.