முத்துமீனாவின் சொந்தப் பாட்டு

பெரிய பாடகர் யாராவது செத்துப்போனால் மதுரையில் முதல் போன் அழகுபாண்டிக்குத்தான் வரும். துக்கம் விசாரிக்க இல்லை, தேதி கேட்க. "அண்ணே, ஞாயித்துக்கெழம இசை அஞ்சலி வச்சிருக்கோம், உங்க குழுதான் வரணும்" என்பார்கள். நாலைந்து வருஷமாகப் பெரிய தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருக்க, திருமங்கலத்திலும் வாடிப்பட்டியிலும் நகரத்து வார்டுகளிலும் அஞ்சலிக்குப் பஞ்சமே இல்லை. மேடை ஓரத்தில் மாலை போட்ட படம், குத்துவிளக்கு, பெரிய ஃப்ளெக்ஸ், அதில் அவர் பாடிய பாட்டிலிருந்து நெஞ்சைத் தொடுகிற ஒரு வரி. அழகுபாண்டி கீபோர்டு வாசிப்பவர், இன்னிசைக் குழுவின் தலைவர். கல்யாணம் இல்லாத மார்கழியிலும் கச்சேரி ஓடுகிறது என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டவர்.

அந்த அஞ்சலிகள் அத்தனையிலும் பெண் குரல் முத்துமீனா.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், களையெடுத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாட முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார்கள், அவள் கற்ற சங்கீதம் அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். லாரியில் போன புருஷன் திருப்பூர்ப் பக்கம் இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருநகருக்கு வந்து லைன் வீடு ஒன்றில் ஒண்டினாள். பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நின்றபடியே சேலை மடித்தாள். சாயங்காலம் அழகுபாண்டியின் குழுவில் பாடினாள். இருபத்தேழு வருஷம்.

அவளுக்கு ஒரு குரல் என்று சொல்ல முடியாது. ஒரு பாடகி மூக்கால் இழைப்பதை அப்படியே இழைப்பாள். இன்னொருத்தி மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் வாங்குவாள். மூன்றாமவள் நடுவில் சிரிக்கிற சிரிப்பைக்கூடக் கூடுதல் குறைச்சல் இல்லாமல் சிரிப்பாள். "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, அந்தம்மாவே வந்து நின்னு பாடுற மாதிரி இருக்கும்" என்று அறிவிப்பாளர் சொல்வார். சனமும் கண்ணை மூடிக்கொள்ளும். இதைப் பெரிய பாராட்டு என்று எல்லோரும் நினைத்தார்கள். முன்னால் நிற்கிறவளைப் பார்க்காதே என்று ஊருக்கே சொல்லுவதில் என்ன பாராட்டு வேண்டிக்கிடக்கிறது? இது அழகுபாண்டிக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் செத்த பிறகுதான் உறைத்தது. நம் ஆட்களுக்கு எல்லாமே அப்படித்தான்.

போன மாசம் சர்க்கரை ஏறி, சிறுநீரகம் கெட்டு, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்து நாலு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமைகூட வேறொரு பெரிய பாடகிக்கு அஞ்சலி இருந்தது. அழகுபாண்டி திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துச் சமாளித்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்பதாக மகள் கனகலட்சுமி முடிவு செய்தாள். திருமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். ஒருநாள் காலையில் அழகுபாண்டிக்குப் போன் அடித்தாள்.

"மாமா, ஃப்ளெக்ஸ் கடையில இருந்து பேசுறேன். அம்மா பாட்டுல இருந்து ஒரு வரி கேக்குறாக, கீழ போடணுமாம். எதைச் சொல்லட்டும்?"

அழகுபாண்டி வாயைத் திறந்தார். ஆயிரம் பாட்டு நாக்கு நுனிக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சினிமாப் பாடகியின் முகமும் சேர்ந்தே வந்தது.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

"சரி மாமா. படத்திறப்பு அன்னைக்கும் அம்மாவோட பாட்டு ஒண்ணு நீங்க வாசிக்கணும். அம்மாவோட பாட்டு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வீட்டுல அது பாடுனதே இல்ல. தொண்டையக் காப்பாத்தணும்னு சைகையிலதான் பேசும். நாங் கேட்டதெல்லாம் உங்க மைக்குல கேட்டதுதான்."

அன்றைக்கு முழுவதும் அவர் செல்போனைக் குடைந்தார். யூடியூபில் முத்துமீனா பாடியது முந்நூறுக்கு மேல் கிடந்தது. தலைப்பில் பாட்டின் பெயர் இருந்தது, படத்தின் பெயர் இருந்தது, இசையமைத்தவர் பெயர்கூட இருந்தது. பாடுகிறவள் பெயர் இல்லை. கீழே வரிசையாகக் கண்ணீர் விட்டிருந்தார்கள். 'அம்மா, நீங்கள் மறையவில்லை', 'இனி எப்போது கேட்போம் இந்தக் குரலை' என்று. எல்லாம் செத்துப்போன சினிமாப் பாடகிக்கு. ஒரே ஒருவர் மட்டும் 'பச்சைச் சேலை அக்காவும் நன்றாகப் பாடுகிறார்' என்று போனால் போகிறதென்று எழுதியிருந்தார்.

ரிதம் பேடு வாசிக்கும் விருமாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார். குழுவில் அவனும் பழைய ஆள்தான்.

"என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குறீக? மீனாக்காவுக்குன்னு ஒரு பாட்டு இருந்துச்சுல்ல, கண்டக்டர் பாட்டு" என்றான் விருமாண்டி.

தெரியாமல் இல்லை. அதை நினைக்கக் கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் போனைக் குடைந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முத்துமீனா தானாக ஒரு பாட்டுக் கட்டினாள். கனகலட்சுமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கச்சேரி முடிந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவாள், அதைப் பற்றியது. மகள் வளர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒருநாள் ஒத்திகையில் கூச்சப்பட்டுக்கொண்டே பாடிக் காட்டினாள்.

கண்ணு கனகம் கண்டக்டர் வாராரு
காலைக் குறுக்கிக்க கைப்புள்ள ஆகிக்க
மூணு வயசுன்னு மூச்சு விட்டுறாத
அரை டிக்கெட் காசுக்கு ஆத்தா எங்க போவேன்

இரண்டு வரி கேட்டதுமே குழு விழுந்து விழுந்து சிரித்தது. அழகுபாண்டியும்தான். "தாயி, சொந்தப் பாட்டெல்லாம் பாடுனா சனம் துண்டை ஒதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிரும். நமக்கெதுக்கு இந்த வேல?" என்றார். அவளும் சிரித்துவிட்டு, அவர் சொன்ன சினிமாப் பாட்டை எடுத்துப் பாடினாள். அதற்குப் பிறகு குழுவில் அதற்குக் கண்டக்டர் பாட்டு என்று பேராகிவிட்டது. அவள் மேடையேறும்போதெல்லாம் யாராவது "டிக்கெட், டிக்கெட்" என்று கூவிக் கேலி பண்ணுவார்கள்.

அந்த வருஷம் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. வசந்த விழா என்று நோட்டீஸ் அடித்து, மாமன்மார் சீரெல்லாம் வந்து இறங்கி, உச்சி வெயிலில் பந்தலில் கச்சேரி. கரண்ட் கட் உயிரை வாங்கிய காலம் அது. பாதிக் கச்சேரியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரன் இழுத்து இழுத்துப் பார்க்கிறான், அது இருமுகிறதே தவிர ஓடவில்லை. பிள்ளை அழுகிறது, பந்தியில் சத்தம், மாமன்காரன் ஒருவன் குழுவைப் பார்த்து முறைக்கிறான். அப்போது முத்துமீனா மைக் இல்லாமல், மேடை விளிம்புக்கு வந்து நின்று அந்தப் பாட்டைப் பாடினாள்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பொம்பளைகள் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளை ஒருத்தி அதட்டி உட்கார வைத்தாள். அது யாருடைய குரலும் இல்லை. மூக்கால் இழைக்கவில்லை, நடுவில் சிரிக்கவில்லை, கொஞ்சம் கரகரத்த, சேலைக்கடையில் நின்று நின்று களைத்த சாதாரணக் குரல். இருபத்தேழு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் அழகுபாண்டி முத்துமீனாவின் குரலைக் கேட்டார். அந்த நாலு வரியும் முடிந்து, அடுத்ததாக 'எறங்குற எடம் வந்தா' என்று அவள் இழுத்தாள். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. கீபோர்டில் விளக்கு எரிந்ததுதான் தாமதம், அழகுபாண்டி அடுத்து வரவேண்டிய சினிமாப் பாட்டின் இசையை ஓங்கி அடித்தார். கூட்டம் விசிலடித்தது. முத்துமீனா ஒரு நொடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மைக்கை எடுத்து, சுதி பிசகாமல், வேறொருத்தியாகிப் பாடத் தொடங்கினாள்.

ஒரு நொடிகூட வீணாக்காமல் பிடித்துவிட்டதாக அன்றைக்கு அவருக்குப் பெருமை வேறு. வேனில் திரும்பும்போது எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அவளும் அந்த வேனில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

இப்போது மகளுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். அவரிடம் இருப்பதோ பாதி. விருமாண்டிக்கும் அதற்கு மேல் தெரியாது. காதுகுத்து வீட்டைத் தேடிப்பிடித்து வீடியோ கேட்டார். கரண்ட் போனபோது கேமராவையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். விட்டுப்போனதைத் தானே கட்டிச் சேர்த்துவிடலாம் என்றும் ஒரு புத்தி வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? நாலு வரி எழுதியும் பார்த்தார். எழுதியதைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது, கிழித்துப் போட்டார். ஃப்ளெக்ஸுக்கு அவர் வரி சொல்லாததால், கடைக்காரர் தனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு வரி ஒன்றைப் போட்டு அடித்துக் கொடுத்துவிட்டார்.

படத்திறப்பு திருநகரில் ஒரு சின்ன மண்டபத்தில், பகல் பதினொரு மணிக்கு. மதுரையின் குழுக்கள் எல்லாம் வந்திருந்தன, அந்த மட்டும் நன்றி இருக்கிறது. ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள், எல்லாம் அவள் மேடையில் பாடிய பாட்டுகள்தான். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம், "என்ன கொரலுடி அது! அந்தம்மா போனது இன்னும் மனசு ஆறல" என்றாள். எந்தம்மா என்று கேட்கவே வேண்டாம், செத்துப்போன சினிமாப் பாடகிதான். சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அந்தச் சினிமாப் பாடகியின் விருதுகளைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். கடைசியில், அவர் வழியில் பாடிய சகோதரி முத்துலட்சுமிக்கும் தன் அஞ்சலி என்று சொல்லிவிட்டு மாலையைப் போட்டார். கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகுபாண்டி கீபோர்டில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பாட வராது. இருந்தாலும் பாடினார். கண்ணு கனகம் என்று தொடங்கியதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைப்புள்ள ஆகிக்க என்றபோது எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு மடியில் தூங்குகிற மாதிரி நடித்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அழுகையும் சிரிப்புமாக முகம் கோணியது. விருமாண்டி மெதுவாகத் தாளம் சேர்த்தான். 'எறங்குற எடம் வந்தா' என்றார் அழகுபாண்டி. கையை எடுத்துவிட்டார்.

மண்டபம் காத்திருந்தது. பின்னால் இருந்து ஒருவர், "நல்லா இருக்குண்ணே, எந்தப் படம்?" என்று கேட்டார்.

"அப்புறம் மாமா?" என்றாள் கனகலட்சுமி. "எறங்குற எடம் வந்தா? மேல பாடுங்க."

"அம்புட்டுதான்மா தெரியும்."

"அம்மா அதோட விட்டுருச்சா?"

பொய் சொல்லக் கடைசி வாய்ப்பு. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அவளும் நம்பியிருப்பாள்.

"அது பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஜெனரேட்டர் வந்திருச்சுன்னு நாந்தான் பாதியில கீபோர்டை அடிச்சு நிறுத்திட்டேன். ஒரு காதுகுத்துல. பன்னெண்டு வருசமாச்சு."

கனகலட்சுமி திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அன்னைக்கு நிறுத்துனீக, சரி. மறுநா கேட்டிருக்கலாம்ல மாமா? பன்னெண்டு வருசமும் உங்களுக்குப் பக்கத்துலதான நின்னுச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு இலை போடச் சொல்லப் போனாள். மேடை சும்மா கிடக்க வேண்டாமே என்று, திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த பெண் மைக்கை எடுத்து ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்கினாள்.