இறால் நழுவாத கை

பழவேற்காடு ஏரியில் நாங்கள் வலை போடுகிறவர்கள் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வதால் தண்ணீரில் இருக்கும்வரை பேச முடியாது. என் மாதிரி வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அந்த வருஷம் என் வீட்டுக்காரரின் உள்ளங்கை மாறியது. தோல் தடித்து, ரேகையெல்லாம் மேடும் பள்ளமுமாகி, கழுவி வைத்த ஆட்டு வயிற்றுப் போட்டியைத் தொடுவது போல இருந்தது. கைக்குள் வந்த இறால் நழுவவே இல்லை. "அண்ணன் இன்னா, கையில கோந்து தடவினு வராரா?" என்று கூட வரும் பெண்கள் கிண்டல் செய்தார்கள். ராசியான கை என்று பக்கத்து வீட்டுக்காரி தன் புதுப் பறியை முதலில் அவர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. பிடரியும் அக்குளும்கூடக் கறுத்திருந்தன. வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கிற எங்களில் யார்தான் சிவப்பு?

சாப்பிடும்போது பாதிச் சோற்றை என் தட்டில் தள்ளுவார். "நீ துன்னும்மே, எனக்குப் போதும்." இத்தனை வருஷம் கழித்து என்மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

சேற்றுப் புண்ணால் என் விரலிடுக்கு வெடித்தபோது, டச்சுக் கல்லறைப் பக்கம் பஸ் ஏறி, பொன்னேரியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். எனக்கு எழுதிய மருந்துச் சீட்டை வாங்க இவர் கையை நீட்டினார். டாக்டரம்மா சீட்டைக் கொடுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலரை விலக்கிப் பிடரியையும் பார்த்தார்.

"பசி எப்படி இருக்கு?"

"கொஞ்சம் துன்னாலே வயிறு ரொம்பிடுது மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் அந்தச் சோறு?

"தோல் இப்படி மாறுனா சில பேருக்கு உள்ளே கட்டி இருக்கும். இல்லாமலும் போகலாம். வயித்துக்குள்ள டியூப் விட்டுப் பார்த்துடணும், தள்ளிப்போடாதீங்க."

"கை நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார் இவர். எனக்கு வந்ததே கோபம்.

"யோவ், வாய மூடிக்கினு கெளம்புய்யா."

சென்னையில் பார்த்தார்கள். வயிற்றில் புற்றுநோய். நல்லவேளை, பரவுவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டோம் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது, பிறகு மருந்து ஏற்றினார்கள். படுத்த படுக்கையிலும் இவர் ஏதாவது சொல்லி வார்டையே சிரிக்க வைப்பார். நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவேன். மனுஷனுக்குப் பயமே கிடையாதா என்று அதற்கும் கோபப்பட்டேன்.

மாதங்கள் போகப் போக உள்ளங்கை பழையபடி மிருதுவானது. நல்ல அறிகுறிதான், ஆனாலும் செக்கப்பை விடக்கூடாது என்றார் டாக்டரம்மா. இப்போது தினமும் ஏரியில் இறங்குமுன் அந்தக் கையைத் தடவிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடி என்று பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன வாரம் நான் தடவி முடித்தபிறகும் அவர் என் கையை விடவில்லை. உள்ளங்கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு ரேகையாகத் தடவினார். என் கொண்டையை ஒதுக்கிப் பிடரியைப் பார்த்தார்.

"இன்னாய்யா தேடுற?"

"உனக்கு ஒன்னுமில்லியே?" என்றார். "உனக்கு வந்தா என்னால சிரிக்க முடியாதும்மே."