தனுஷ்கோடி செத்துக் காட்டிய கதை

சாயல்குடி உப்பளத்தில் மூட்டை தைக்கிற தனுஷ்கோடிக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். மேடையில் தன் நடிப்பைப் பார்த்துப் பெண்டாட்டி ராக்கு ஒரு தடவையாவது அழ வேண்டும்.

பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் லேசில் நடக்கிற ஆசையும் இல்லை. ராக்கு சிரிக்கப் பிறந்தவள். சாவு வீட்டில்கூட முந்தானையை வாயில் திணித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். கலியாணமான வருஷம், நாற்பத்தொன்பதில், கடற்கரை நண்பர்கள் நாடக சபாவின் மேடையில் தனுஷ்கோடி முதன்முதலாக வாயிற்காப்போனாக ஈட்டியோடு வந்து நின்றான். ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், ராஜாவுக்கே வசனம் மறந்துபோனது.

அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு அவனுக்கு வாய் திறக்கிற வேஷமே வரவில்லை. பல்லக்குத் தூக்கி, பிணம் தூக்கி, ஒருமுறை குதிரையின் பின்னங்கால். எதில் வந்தாலும் ராக்கு கண்டுபிடித்துச் சிரித்தாள். துணி போர்த்திய குதிரைக்குள் எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

"நடையைப் பார்த்தாத் தெரியாதாக்கும்" என்றாள்.

சபாவுக்கு எல்லாமே சைக்கிள் கடை பாக்கர்தான். நாடகம் எழுதுவார், சொல்லிக்கொடுப்பார், மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார், படுதாவையும் அவரே இறக்குவார். ஐம்பத்தொன்பதில் ஒரு சமூக நாடகம் எழுதினார். மகன் கப்பலேறிப் போய்விடுகிறான். அப்பன் வாசலைப் பார்த்தபடியே கிடந்து சாகிறான். வழக்கமாக அப்பன் வேஷம் கட்டும் மதார் அந்த வருஷம் நிஜமாகவே கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டார். பாக்கர் வேறு வழியில்லாமல் தனுஷ்கோடியைக் கூப்பிட்டார்.

"ஏலே, கட்டில்ல கெடக்கணும், இருமணும், நாலு வரி சொல்லிட்டுச் சாகணும். ஏலுமா?"

"செத்துருவேன் பாய்" என்றான் தனுஷ்கோடி.

இரண்டு மாதம் செத்துப் பழகினான். கோணி ஊசியைக் கையில் பிடித்தபடி உப்பளத்தில் செத்தான், கண்மாய்க் கரையில் செத்தான். வீட்டில் மட்டும் சாகவில்லை. ராக்கு முன்கூட்டியே பார்த்துவிட்டால் மேடையில் அழமாட்டாள் என்பது அவன் யோசனை.

அந்த ஊர் மேடைக்கு ஒரு வழக்கம் உண்டு. நடிப்புப் பிடித்துப்போனால் நாடகம் முடிகிறவரை யாரும் பொறுக்கமாட்டார்கள். அந்த இடத்திலேயே மேடையேறி நடிகருக்குத் துண்டு போர்த்துவார்கள். பாக்கர் மைக்கில் பெயரைச் சொல்வார். நடிகர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, நாடகத்தைத் தொடர வேண்டும். சண்டை நடந்தாலும் சரி, சாமியே பிரத்தியட்சமானாலும் சரி. படுத்துக் கிடக்கிறவன் கதை மட்டும் வேறு. கிடக்கிறவன்மேல் புதுத்துணி போர்த்தினால் அது பிணத்துக்குப் போடுகிற கோடி. எந்த மடையன் போடுவான்? சாகக் கிடந்தாலும் எழுந்து நின்றுதான் ஆகவேண்டும். பாக்கர் நாடகம் எழுதும்போது இதை யோசிக்கவில்லை.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம். தனுஷ்கோடி கயிற்றுக் கட்டிலில் கிடந்து இருமிய இருமலில் முன்வரிசைக்குத் தொண்டை கமறியது. "கதவைச் சாத்தாதீர்கள்" என்று நடுங்கும் கையைத் தூக்கினான். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். அரைக்கண்ணால் ராக்குவைத் தேடினான். அவள் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேடையேறினார் உக்கிரபாண்டி. ராக்குவின் அண்ணன், மிளகாய் வெள்ளாமைக்காரர்.

"எந்திரி மாப்பிள்ள" என்றார்.

சாகக் கிடந்தவன் எழுந்தான், கும்பிட்டான், துண்டை வாங்கிக்கொண்டு மறுபடி படுத்து முதலிலிருந்து இருமினான். கையைத் தூக்குவதற்குள் சங்கு வியாபாரி வாவு முகம்மது பட்டுத் துண்டோடு வந்துவிட்டார். மச்சான் செய்த மரியாதையை ஊர்ப் பெரியவர் செய்யாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? மறுபடி எழுந்தான். அடுத்து உப்பளத்துக் கூட்டாளிகள் எட்டுப் பேர் ஒரே துண்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மூன்று புதுத்துண்டு கழுத்தில் கிடக்க, வறுமையில் வாடும் அப்பன் நாலாந்தடவையாகச் சாகப் படுத்தபோது கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

"இன்னொருக்கச் சாவு மாமா" என்று யாரோ கத்தினார்கள்.

தனுஷ்கோடிக்கு உதடு துடித்தது. அது நடிப்பில்லை. வாவு முகம்மதின் பட்டுக்குக் குறையக் கூடாது என்று உக்கிரபாண்டி சரிகைத் துண்டோடு மறுபடி படியை நோக்கி வந்தார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ராக்கு எழுந்தாள். விறுவிறுவென்று வந்து மேடைப்படியில் கூட்டத்தைப் பார்த்து, கையை இரண்டு பக்கமும் விரித்து நின்றாள்.

"அண்ணே, எறங்கு."

"ஏத்தா, சபையில செய்யிற மரியாதையைத் தடுக்கலாமா?"

"ரெண்டு மாசமா இந்த மனுசன் தூக்கத்துலயும் செத்துக்கிட்டுக் கெடக்காரு. நிம்மதியாச் சாக விடுங்க. முழுசாச் செத்து எந்திரிச்ச பெறகு யாரு வேணும்னாலும் போத்துங்க."

கொட்டகை கப்சிப்பென்று அடங்கியது. தனுஷ்கோடி துண்டுகளைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்தான். படுத்தான். இருமினான். கையைத் தூக்கி நாலு வரியையும் சொல்லி, கடைசி வரியில் குரல் தேய்ந்து, செத்தான்.

அப்படி ஒரு சாவை அந்த வட்டாரம் பார்த்ததில்லை. பாக்கர் அழுதுகொண்டே நின்றதில் படுதாவை இறக்க மறந்துவிட்டார். செத்தவன் எவ்வளவு நேரம்தான் கிடப்பான்? மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான். ஊரே அழுதுகொண்டிருந்தது. உக்கிரபாண்டி சரிகைத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராக்குவைப் பார்த்தான். அவளுடைய முதுகுதான் தெரிந்தது. யாரும் ஏறிவிடாமல் கூட்டத்தையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து நின்றவள், கடைசிவரை மேடைப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அவன் துண்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"என்ன, செத்ததுல எதுவும் கொறையா?" என்றாள்.

"நீ பாக்கலையே."

"நான் திரும்பியிருந்தா எங்க அண்ணன் ஏறியிருப்பாரு. ஊரே அழுதுச்சே, அது போதாதா?"

ஊர் யாருக்கு வேண்டும்?

"சரி, காலையில அளத்துக்குப் போறதுக்கு முன்ன எனக்கு ஒருக்கச் செத்துக் காட்டுங்க" என்றாள்.

காலையில் பாயை விரித்துப் படுத்தான். வேஷமில்லை, தாடியில்லை. கூழ் கிண்டிய அகப்பையோடு ராக்கு எதிரே வந்து நின்றாள். சிரிப்பை அடக்குவதற்கு உதட்டை முன்னாலேயே மடித்து வைத்துக்கொண்டாள். அவன் இருமினான். "கதவைச் சாத்தாதீர்கள்" என்று கையைத் தூக்கினான். கோணி ஊசி குத்திக் குத்தி உப்பில் வெடித்த கை அந்தரத்தில் நடுங்கியது. அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தான்.

அகப்பை கீழே விழுந்தது. ராக்கு ஓடிவந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், எந்திரிங்க."

"இன்னும் மூணு வரி இருக்கு ராக்கு."

"ஒண்ணும் வேணாம். எந்திரிங்கன்னா எந்திரிங்க."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தனுஷ்கோடி எழுந்து உட்கார்ந்தான். மீதி மூன்று வரியை அவன் அவளிடம் எந்நாளும் சொல்லவில்லை.