ஸ்டானிஸ்லாஸ் கட்டிய நூல்

என் அப்பா ஸ்டானிஸ்லாஸ் ஹார்பரில் கயிறு கட்டியவர். கிரேன் கொக்கியில் மாட்டும் முன் சரக்கைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவது அவர் வேலை. முப்பத்து நான்கு வருடம். அவர் கட்டியது ஒன்றுகூட அந்தரத்தில் அவிழ்ந்ததில்லை. தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

அம்மா இறந்த பிறகு ராயபுரத்து வாடகை வீட்டின் மொட்டைமாடியில் புறா வளர்த்தார். நான் எண்ணூரில் அனல்மின் நிலையத்தில் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். வாரத்துக்கு ஒருநாள் போய்ப் பார்ப்பேன். மற்ற நாட்களில் அவர் பேசியதெல்லாம் ரோசி என்ற ஒரு பெட்டையிடம். சாம்பல் நிறம், ஏழு வயது. வேர்க்கடலையை மென்று உதட்டில் வைத்துக்கொள்வார். அது வந்து எடுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் வானத்தில் சுற்றினாலும், கம்பு டப்பாவை ஆட்டினால் நேராக அவர் தோளுக்கு இறங்கும்.

"உங்கிட்ட சொல்லாததெல்லாம் அதுகிட்டதான் சொல்லிகினு கீறேன்" என்பார். கிண்டல் போலச் சொல்வார். கிண்டல் இல்லை.

போன ஜனவரியில் வீட்டுக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார். அப்பா மற்ற புறாக்களை எதிர்வீட்டு நெல்சனிடம் கொடுத்தார். அவரும் புறா வளர்ப்பவர். ரோசியை மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு, திருவொற்றியூரில் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்.

புறா, பறந்து பழகிய மாடியைத்தான் வீடென்று நம்பும். இடம் மாற்றினால், புது இடம் பழகும்வரை ஒரு பக்க இறக்கையின் நீளச் சிறகுகளைச் சேர்த்து நூலால் கட்டிவிடுவார்கள். பால்கனியில் நடக்கும், மேலே எழும்பாது. ஒரே பக்கம் மரத்துப்போகக் கூடாதென்று அப்பா வாரம் ஒருமுறை பக்கம் மாற்றிக் கட்டுவார்.

"எத்தன நாள் டாடி?"

"அதுக்கு இங்க புடிக்கிற வரிக்கும்."

"புடிக்கலன்னா?"

"எனுக்கு மட்டும் புடிச்சா கீது?"

கீழ்வீட்டுக் கார்குழலி குடியிருப்போர் சங்கச் செயலாளர். புறா எச்சம் விழுந்த துணிகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்று வாரம் கழித்து வாசலில் வந்து நின்றார்.

"பாப்பாவுக்கு வீசிங் இருக்கு மெர்லின். அங்கிள்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா மீட்டிங்ல வைக்கற மாதிரி ஆயிடும்."

அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிலாகக் கணக்குப் போட்டேன். ராயபுரம் ஏழு கிலோமீட்டர். ரோசிக்குப் பத்து நிமிடம். நெல்சன் பிடித்து வைத்துக்கொள்வார். அப்பா வேண்டும்போது பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போயிருந்தார். ரோசியை மடியில் வைத்துக்கொண்டேன். நூலை வெட்டினால் என் வேலை என்று தெரிந்துவிடும். அதனால் தையல் ஊசியால் முடிச்சை அவிழ்த்தேன். இருபது நிமிடம் ஆனது. நூலை, தானாக விழுந்ததுபோலத் தரையில் போட்டேன்.

ரோசி சரியாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே மாடி இல்லை. பாதி வீட்டை அதற்குள் இடித்திருந்தார்கள். என் கணக்கில் அது இல்லை.

பூசை முடிந்து வந்த அப்பாவுக்கு நெல்சன் போன் செய்தார். "அண்ணாத்த, ரோசி வந்துகீது. உன் மாடி இருந்த எடத்துக்கு மேலயே சுத்திகினு கீது. நான் கூப்ட்டா வர்ல."

அப்பா டப்பாவோடு ஓடினார். தெருவில் நின்று இருட்டும்வரை ஆட்டினார். தெருவில் இறங்கிப் பழக்கமில்லாத புறா அது. கடைசியில் நெல்சன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்தது. காலையில் அங்கே சிறகுகள் மட்டும் கிடந்தன. வல்லூறு அடித்திருந்தது.

வீடு திரும்பியதும் அப்பா பால்கனியில் குனிந்து நூலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அந்து போவல. அவுந்துகீது."

"பழைய நூலா இருக்கும் டாடி."

"நூலு புச்சு. கட்டுதான் என்னுது."

நான் உலை வைக்க உள்ளே போனேன்.

அதன் பிறகு அவர் ரோசியைப் பற்றிப் பேசவில்லை. விரல்களைப் பற்றித்தான் பேசினார். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். நரம்பு டாக்டர் கையை மடக்கச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், ஒயர் ஒட்டிப் பரிசோதித்தார். ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. சிக்னலைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தக் கோடுகளில் ஒரு குறையும் இல்லை.

"மிஷினுக்கு இன்னா சார் தெரியும்? கட்டு அவுந்துச்சே" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். "வயசாகுதில்ல டாடி" என்றேன்.

லிஃப்டில் கார்குழலி, "இப்ப பால்கனி எவ்ளோ நீட்டா இருக்கு அங்கிள்" என்றார்.

"ஆமாம்மா. எல்லாம் என் கைவேலதான்."

பிறகு குப்பைப் பைக்கு முடிச்சுப் போடக்கூட என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் போட்டதை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நிக்கும்" என்பார்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடி, மாரடைப்பில் போனார். காசிமேட்டுக் கல்லறையில் பெட்டியை இறக்க, அவரோடு வேலை பார்த்த நான்கு பேர் கயிறு பிடித்தார்கள்.

மண் போட்டு முடித்ததும் நெல்சன் பக்கத்தில் வந்தார். "கை பூடிச்சின்னே சொல்லிகினு இருந்தாரு. ஒரு புறாவக்கூட கட்டத் துப்பில்லன்னு."

அவரிடம் சொன்னேன். ஊசி, இருபது நிமிடம், எல்லாம்.

நெல்சன் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "அவராண்ட சொல்லிருக்கலாமே."

"திட்டுவாருன்னு பயமா இருந்துச்சு."

"திட்டிருப்பாரு. அவ்ளோதானே மெர்லின்."

கேட்டைப் பார்த்து நடந்துவிட்டார். வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் அப்பாவின் படுக்கையைச் சுருட்டினேன். மெத்தைக்கு அடியில் ஒரு முழம் நூல். அதே நூல். நீளத்துக்கும் முடிச்சுகள், எல்லாம் ரோசிக்குப் போட்ட அதே முடிச்சு. தன் கையைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நழுவவில்லை.

இத்தனை முடிச்சும் நின்ற பிறகும், அவர் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். என்னை அல்ல.