வேனுக்கு மாட்டிய மடக்குப் பந்தல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டின முட்டாள். இதை என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்தாலும், ஊரறிய நிரூபணமானது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவளத்தில் பஸ் திரும்புகிற இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். சாட்சிக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலை. கணக்கெழுதுகிறவன் கணக்கை எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நர்சரி பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய வேனை வாங்கினேன். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தண்ணீர்க் குடம் எல்லாம் வைத்தேன். “இனிமே வீட்டையே வண்டியில வெச்சுக்கிட்டு ஊர் சுத்தலாம்” என்றேன். “இருக்கிற வீட்டுக்கே ஒட்டடை அடிக்க ஆளைக் காணோம்” என்றாள் மனைவி.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கையில் சிக்கியது. அதில் வழவழவென்று ஒரு கலர் படம். ஒரு வேன். அதன் பக்கவாட்டில் கோடு போட்ட துணியில் ஒரு மடக்குப் பந்தல். அதற்குக் கீழே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்ததில்லை. பந்தல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பந்தலுக்கு நியாயமான தேவையும் வந்து சேர்ந்தது. பொழிச்சலூரில் இருந்த என் மாமனாருக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆயுள் முழுவதும் கொடியை ஆட்டியே பேச்சு வார்த்தையை முடித்துக்கொண்டதாலோ என்னவோ, வாயைத் திறப்பது அபூர்வம். கட்டுப் பிரித்த அன்றைக்கு, “என்னப்பா வேணும் உனக்கு?” என்று மகள் கேட்டபோது, “கடல் பாக்கணும்” என்றார். ஏழெட்டு வருடமாக அவருக்கு எல்லாமே புகை மூட்டமாகத்தான் தெரிந்திருக்கிறது. வெளியில் சொல்லவே இல்லை. அதைக் கேட்டு என் மனைவி அடுக்களைக்குள் போய் அழுதாள்.

ஆனால், வெயில் கண்ணில் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் போகலாமே என்றதற்கு மாமனார், “சாயங்காலம் கறுப்பாத்தான் தெரியும். கறுப்பு நெறைய பாத்தாச்சு” என்று சொல்லிவிட்டார். அவர் வாழ்க்கையில் பேசிய நீளமான வசனம் அதுதான். குடை போதாதா என்று கேட்டாள் மனைவி. கடற்காற்றில் குடை தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும் என்று விஞ்ஞானரீதியாக விளக்கினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: “அப்பா கண்ணுல ஒரு பொட்டு வெயில் பட்டாலும் அப்படியே வண்டியைத் திருப்பிடணும். ஆமா.”

படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். படத்தில் இருக்கிற மாதிரியே, ஒரு நூல் பிசகாமல் வேண்டும் என்றேன். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வூட்ல சொல்ட்டு வந்தியா சார்?” என்றார். வேன் கூரையின் ஓரத்தில் கீல் வைத்து ஓர் இரும்புச் சட்டம். மாடம்பாக்கத்துச் சாமியானாக்காரரிடம் வாங்கிய சிவப்பு மஞ்சள் துணி அதற்கு. மடக்கினால் கூரைமேல் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். கொக்கியை எடுத்து இழுத்தால் பக்கவாட்டில் விரிந்து இரண்டு கால்களை ஊன்றி நிற்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒத்திகை பார்த்தேன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வேனை நிறுத்துவது வழக்கம். சுவர் இடது பக்கம், காலி மனை வலது பக்கம். பந்தல் காலி மனைமேல் பிரமாதமாக விரிந்தது. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு சார் பச்சைத் துணி போட்டிருக்கலாம் என்றார். பக்கத்து வீட்டு மாமி ஓரத்தில் ஜாலர் வைக்கச் சொன்னார். பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு எல்லாரும் காபி குடித்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனாரை ஏற்றிக்கொண்டோம். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி, மடியில் ஒரு துண்டு. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ரோடு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது ஓரமாக, மணலை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். எதிரே கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகள் கடலை மறைத்துக்கொண்டிருந்தன. பந்தலைப் போட்டுவிட்டு நிழலில் உட்கார வைத்து, படகுகளைத் தாண்டி எப்படிக் கூட்டிப்போவது என்று யோசிக்கலாம் என்பது என் திட்டம். டயரையே ஏணியாக்கி மேலே ஏறினேன். கொக்கியை எடுத்தேன். “இப்ப பாருங்க!” என்று கத்திக்கொண்டே இழுத்தேன்.

பந்தல் விரிந்தது. அழகாக, சிவப்பும் மஞ்சளுமாக, நட்ட நடு ரோட்டில்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த வெள்ளைக்காரர் ஊரில் வண்டிகள் ரோட்டின் வலது ஓரமாகப் போகும். அவர்களுக்கு வலது பக்கம் புல்வெளி. நமக்கு வலது பக்கம் பல்லவன் பஸ். ஒரு நூல் பிசகாமல் காப்பியடித்திருந்தேன்! வேனின் கதவு இடது பக்கம், பந்தல் வலது பக்கம், மாமனார் நடுவில்.

“ஏங்க” என்று மட்டும் சொன்னாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் எத்தனை பக்கம் இருந்தது என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

அவசர அவசரமாக மடக்கப் போனேன். இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்க வேண்டும், நான் பதற்றத்தில் ஒன்றை மட்டும் தூக்கினேன். சட்டம் கோணிக்கொண்டது. கீல் இறுகிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தொங்கிப் பார்த்தேன். தோள் கொடுத்து முட்டிப் பார்த்தேன். பந்தல் கல்லு மாதிரி நின்றது. பட்டறைக்காரர் வேலை சுத்தம்.

அந்த நேரம் பார்த்து பின்னால் பஸ் வந்து நின்றது. அதற்கு அதுதான் கடைசி ஸ்டாப். திரும்ப இடமில்லை. கண்டக்டர் இறங்கி வந்தார்.

“இன்னா சார் இது, ரோட்ல பந்தல் போட்டுகினு கீறே? கல்யாணமா, கருமாதியா?”

இந்தக் களேபரத்தில் மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாள் பந்தலைப் பார்த்தார், வேனுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த என் மாமனாரைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியவரா கண்ணு? எப்ப?” என்று கேட்டுவிட்டார்.

வேனுக்குள்ளிருந்து மாமனார் சொன்னார்: “இன்னும் இல்ல.”

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. “வண்டியைத் திருப்புங்க, போயிடலாம். அவர் ஆசைப்பட்டதே ஒண்ணே ஒண்ணு” என்றாள். பந்தலை நீட்டிக்கொண்டு திரும்பவும் முடியாது என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கண்டக்டர் அவளிடம் என்ன ஏது என்று விசாரித்தார். கண் ஆபரேஷன், கடல் என்று அவள் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். என் தலையில் அடிக்காமல் விட்டது அவர் பெருந்தன்மை.

“முன்னால மண்ணு கெட்டியாத்தான் கீது. நீ ஏறி ஓட்டு சார். இந்தக் கருமத்த நாங்க தூக்கினு வரோம். யப்பா, ஆளுக்கொரு கை புடிங்கப்பா!”

பத்துப் பன்னிரண்டு பேர் பந்தலின் கால்களையும் சட்டத்தையும் தூக்கிப் பிடித்தார்கள். நான் முதல் கியரில் நகர்த்தினேன். அதற்குள் மாமனார் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து பந்தலுக்குக் கீழே நுழைந்துகொண்டார். அங்கேதானே நிழல்! பின்னாலேயே ஓடிப்போய் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன்கார அம்மாளும் கூடையோடு நிழலுக்குள் வந்துவிட்டார். என்னைத் திட்டாத ஆள் இல்லை. “யார்யா இவனுக்கு லைசென்ஸ் குடுத்தது?” “இதுக்கு வாடக ஆட்டோவுல வந்திருக்கலாம்ல?” திட்டிக்கொண்டே தூக்கினார்கள். பக்கக் கண்ணாடியில் எனக்கு ஏதோ உற்சவமூர்த்தி புறப்பாடு மாதிரி தெரிந்தது. நடுவில் ஒரு வெள்ளை வேட்டி, சுற்றிலும் கால்கள்.

படகுகளைத் தாண்டியதும், “நிறுத்து! நிறுத்து சார்!” என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். யாரையோ ஏற்றிவிட்டேன் என்று பயந்துபோய் பிரேக்கை மிதித்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மாமனார் நின்றுவிட்டார். அவர் நின்றதால் பந்தலும் நிற்க வேண்டியதாகிவிட்டது.

பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி தடுக்க வாயெடுத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். தூக்கிப் பிடித்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள், யாரும் கீழே வைக்கவில்லை. அதுவரை விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர்கூட அடிப்பதை நிறுத்தியிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மாமனார் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போகலாம் என்று ஒரு கையை ஆட்டினார். வண்டியை ஓரம் கட்டினேன். பஸ் டிரைவர் ஸ்பானர் கொண்டுவந்து பந்தலை அக்கு அக்காகக் கழற்றி, பலகைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, “இனிமே எங்க ரூட்டுக்கு வராதே” என்று வாழ்த்தி அனுப்பினார்.

அதற்குப் பிறகு இனிமையாகப் பேசி உதவி செய்த பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகமெல்லாம் மறந்துவிட்டது. வாய் நிறையத் திட்டிக்கொண்டு, கை கடுக்கக் கடுக்க, முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு நிழல் பிடித்து நின்றார்களே, இன்றைக்கும் யாராவது என்னைத் திட்டினால் அவர்கள் ஞாபகம்தான் வருகிறது. திட்டுகிறவர் கை என்ன செய்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேளம்பாக்கம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன், “எப்படி மாமா, நம்ம பந்தல்?”

“கடல் நல்லா இருந்துச்சு.”